‘நிற்பதுவே, நடப்பதுவே’: பாரதி உலகத்தைப் பொய் என்கிறாரா, இல்லையா?

தென்பெண்ணை (கடலூர், மஞ்சக்குப்பம்)

பாரதியின் ‘நிற்பதுவே, நடப்பதுவே’ பாட்டு உலகத்தைப் பொய் என்று சொல்கிறதா, இல்லையா? நீண்ட நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. இங்கே தமிழ் படித்தவர்கள், சாத்திரம் படித்தவர்கள், பாட்டென்றால் உயிரை விடுகிறவர்கள் எல்லாரும் இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியம் என்றால் மைக்செட்காரர் இந்தப் பாட்டைக் கட்டாயம் போட்டுவிடுகிறார். “எல்லாம் மாயை, பாரதியே பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அழாதே” என்று பெரியவர்களும் ஆறுதல் சொல்வார்கள். சமீபத்தில் என் அத்தைக்குக் காரியம் நடந்தபோது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் அத்தை மகன் பந்தலை விட்டு எழுந்து போய்விட்டான். அப்புறம் கேட்டால், “எங்க அம்மா கனவாக்கா?” என்கிறான். என்ன பதில் சொல்வது?

எனக்குத் தெரிந்தவரை எல்லா வரியும் ‘ஓ’ போட்டுத்தான் முடிகிறது. சொற்பனந்தானோ, மயக்கங்களோ, மாயைகளோ. இது சந்தேகத்தில் கேட்பதா, “அப்படியெல்லாம் இல்லை” என்று மறுப்பதற்காகக் கேட்பதா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஒலிநாடா (புதுச்சேரி, நெல்லித்தோப்பு)

அக்கா, பந்தலில் ஓடுவது 2000இல் வந்த ‘பாரதி’ படத்தில் இடம்பெற்ற வடிவம். இளையராஜா இசை, ஹரிஷ் ராகவேந்திரா குரல். அந்த மெட்டை நான் எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. ஆனால் பொருள் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலப் பாட்டில் நான்கு கண்ணிகள், அதாவது நான்கு நான்கு அடிகள் கொண்ட பகுதிகள். படத்தில் முதல் இரண்டும் முழுதாக வருகின்றன. மூன்றாவதில் பாதிதான் வரும். அதோடு நான்காவதின் முதல் அடியைச் சேர்த்துவிட்டு, மறுபடி ‘நானும் ஓர் கனவோ, இந்த ஞாலமும் பொய்தானோ’ என்று திரும்பிப் போய் முடித்துவிடுவார்கள்.

திரைப்பாட்டுக்கு அது இயல்புதான், நேரமும் மெட்டும் அப்படி. ஆனால் அதனால் கேள்வியில் தொடங்கிக் கேள்வியிலேயே முடிகிற பாட்டாகிவிட்டது. விதையும் சோலையும் வருகிற இடம் போய்விட்டது, கடைசி அடிகளும் போய்விட்டன. எழுதியவர் பதிலும் எழுதித்தான் வைத்திருக்கிறார். பந்தலில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு அந்தப் பதில் வருவதே இல்லை.

குயில்தோப்பு (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

ஒலிநாடா சொன்னது முக்கியமான செய்தி. பலர் படத்தில் கேட்டதோடு நின்றுவிடுவதால் பின்பாதியை மட்டும் இங்கே தருகிறேன். தமிழாசிரியராக இருந்தவன், வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் இந்தப் பகுதியைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன்.

காலமென்றே ஒருநினைவும் காட்சியென்றே பலநினைவும்
கோலமும் பொய்களோ? அங்குக் குணங்களும் பொய்களோ?
சோலையிலே மரங்களெல்லாம் தோன்றுவதோர் விதையிலென்றால்
சோலை பொய்யாமோ? இதைச் சொல்லொடு சேர்ப்பாரோ?

காண்பவெல்லாம் மறையுமென்றால் மறைந்ததெல்லாம் காண்பமன்றோ?
வீண்படு பொய்யிலே நித்தம் விதிதொடர்ந் திடுமோ?
காண்பதுவே உறுதிகண்டோம் காண்பதல்லால் உறுதியில்லை
காண்பது சக்தியாம் இந்தக் காட்சி நித்தியமாம்.

கடைசி இரண்டு அடிகளைப் பாருங்கள், ‘ஓ’ நின்றுவிட்டது. கண்டோம், இல்லை, ஆம், ஆம். அதற்கு முன்பு வரை கேள்விமேல் கேள்வி, இங்கே வந்ததும் தீர்ப்பு. ஆகவே முன்னால் கேட்டவை எல்லாம் ஒரு கட்சியைக் கூண்டில் நிறுத்திக் கேட்ட குறுக்குக் கேள்விகள். ‘உலகம் பொய் என்கிறாயே, அப்படியானால் இது பொய்யா, அது பொய்யா?’ என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ‘நிற்பதுவே’, ‘வானகமே’, ‘இளவெயிலே’ என்று நேருக்கு நேர் விளிக்கிறார், அதுவும் ‘நீங்களெல்லாம்’ என்று மரியாதையோடு. எதிரே நிற்பது பொய்யென்று உள்ளூர நம்புகிறவன் அதைக் கூப்பிட்டு நிறுத்தி, உன் நிலைமை என்ன என்று அதனிடமே கேட்பானா? கூப்பிடும்போதே பாதிப் பதில் வந்துவிடுகிறது.

ஒன்றேகாண் (புதுச்சேரி, லாஸ்பேட்டை)

ஐயா சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன், ஆனால் அவசரப்பட்டு இதை அத்வைதத்துக்கு, அதாவது பிரம்மம் ஒன்றே மெய் என்ற கொள்கைக்கு, எதிரான பாட்டு என்று முடித்துவிட வேண்டாம். கனவு, கானல்நீர், காட்சிப் பிழை மூன்றும் அத்வைத நூல்களில் அடிக்கடி வரும் உவமைகள்தாம், உண்மை. ஆனால் சங்கரரே பிரம்ம சூத்திர உரையில், பௌத்த விஞ்ஞானவாதிகளை (அறிவு மட்டுமே உண்டு, வெளிப்பொருள் இல்லை என்பவர்களை) மறுக்கும் இடத்தில், விழிப்பில் காண்பது கனவில் காண்பது போன்றதல்ல என்று எழுதியிருக்கிறார். கனவு விழித்ததும் பொய்யாகிவிடுகிறது, தூணும் சுவரும் அப்படி ஆவதில்லை என்பது அங்கே வாதம். நடைமுறை உலகத்தை அவர் நடைமுறைக்கு மெய் என்றே வைக்கிறார். பிரம்மத்தை அறிந்த நிலையில்தான் அது தனித்த உண்மையாக நிற்காது.

ஆகவே பாரதி அடிப்பது சங்கரரை அல்ல. திண்ணையில் சாய்ந்துகொண்டு ‘எல்லாம் பொய்’ என்று கையை விரிக்கிற சோம்பல் வேதாந்தத்தை. ‘காண்பது சக்தியாம்’ என்று முடிக்கிறாரே, பலவாகத் தெரிவதெல்லாம் ஒரே பொருள் என்பதுதானே அது? அத்வைதத்தின் வாசலை விட்டு அவர் இறங்கவே இல்லை என்பது என் கட்சி.

கெடிலக்கரை (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)

ஒன்றேகாண் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு இந்தப் பாட்டு வேறு வீட்டு வாசலில் நிற்பதாகத் தெரிகிறது. எங்கள் மாவட்டத்து மண்ணைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்கண்டார் பிறந்தது பெண்ணாகடம், அருணந்தி சிவாசாரியார் திருத்துறையூர், மறைஞானசம்பந்தர் மறுபடி பெண்ணாகடம், உமாபதி சிவம் சிதம்பரம். சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர், அதாவது குருவழியாக வந்த ஆசிரியர், நால்வரும் இந்தப் பக்கத்து ஆட்கள். ‘உலகம் மெய்’ என்று வழக்காடிய சாத்திரம் கெடிலமும் வெள்ளாறும் பாய்கிற இந்தப் பக்கத்தில் வளர்ந்தது.

சித்தாந்தத்தில் மாயை என்றால் மயக்கம் என்று பொருள் இல்லை. குடத்துக்கு மண் எப்படியோ உலகத்துக்கு மாயை அப்படி: முதற்காரணம். மண் மெய், குடமும் மெய். குடம் உடைந்தால் மண்ணில் ஒடுங்கும். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் முதல் சூத்திரமே உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கி, ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றும் என்பதுதான். இனி பாரதியைப் படியுங்கள்: ‘காண்பவெல்லாம் மறையுமென்றால் மறைந்ததெல்லாம் காண்பமன்றோ?’ காணப்படுவது எல்லாம் மறைந்துபோகும் என்பது உன் வாதமா? அப்படியானால் மறைந்ததை எல்லாம் மறுபடி காண்போமே! மறைவது அழிவாகாது, ஒடுக்கம். விதைக்குள் மரம் ஒடுங்கியிருப்பது போல. அடுத்தடுத்த அடிகளில் விதையையும் மறைவையும் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் கண்ணியிலேயே ஒரு பொறியும் வைத்திருக்கிறார். நிற்பது, நடப்பது, பறப்பது என்று மரம், விலங்கு, பறவையைச் சொல்லிவிட்டு, உடனே ‘கற்பதுவே, கேட்பதுவே, கருதுவதே’ என்கிறார். வெளியுலகம் பொய் என்றால், அது பொய் என்று நீ கற்ற நூலும், குரு வாயால் கேட்ட சொல்லும், நீயே கருதிப் பார்த்த முடிவும் அதே பொய்க்குள்தான் விழும். எல்லாம் பொய் என்ற கொள்கை தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. ‘உம்முள் ஆழ்ந்த பொருளில்லையோ’ என்ற கேள்வி அங்கே எழுவது அதனால்தான்.

நேர்நில் (புதுச்சேரி, உருளையன்பேட்டை)

எல்லோரும் ஏன் சமயத்துக்குள்ளேயே தேடுகிறீர்கள்? ‘காண்பதுவே உறுதிகண்டோம், காண்பதல்லால் உறுதியில்லை.’ இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? கண்ணால் கண்டதுதான் உறுதி, காணாதது உறுதியில்லை. இது உலகாயதம். காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்கிற பழைய தமிழ்நாட்டுக் கொள்கை, மணிமேகலையில்கூடப் பூதவாதி, அதாவது எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்பவன், வந்து பேசுகிறான். பத்து ஆண்டு இந்த ஊர்த் தெருக்களில் வறுமையில் நடந்த மனிதன், கண்முன் இருக்கும் உலகத்தைவிடப் பெரிய உறுதி இல்லை என்று முடிவுக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்?

கெடிலக்கரை

தோழர், அந்த ஒரு அடியை மட்டும் தனியாக எடுத்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதே மூச்சில் ‘காண்பது சக்தியாம்’ என்கிறார். சக்தியை உலகாயதத்தில் எங்கே வைப்பீர்கள்? அது மட்டுமல்ல, முன் அடியில் அவர் வாதிடும் முறையைப் பாருங்கள். ‘வீண்படு பொய்யிலே நித்தம் விதி தொடர்ந்திடுமோ?’ இங்கே விதி தலையெழுத்து அல்ல, ஒழுங்கு, நியதி. வெறும் பொய் என்றால் நாள்தோறும் ஒரே ஒழுங்கு மாறாமல் எப்படித் தொடரும் என்று கேட்கிறார். ஒழுங்கைக் கண்டு மெய்ம்மையை முடிவு செய்வது கருதல் அளவை, கண்டதை வைத்துக் காணாததை ஊகித்து அறிவது. விதையிலிருந்து சோலைக்குப் போவதும் கருதல்தான். காட்சியை மட்டும் நம்புகிறவர் இப்படி வாதிட மாட்டார்.

நேர்நில்

சக்தி என்பதை ஆற்றல் என்று எடுத்தால் எனக்கு இடைஞ்சல் இல்லை. விதியை நியதி என்று நீங்கள் எடுத்தது நல்ல பொருள், அதை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றபடி என் வாசிப்பிலேயே நிற்கிறேன்.

முந்திரிக்காடு (பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம்)

நான் சாத்திரம் படித்தவன் இல்லை. விவசாயி. விதை என்றதும் எழுதத் தோன்றியது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. எங்கள் ஊர் பக்கம் அன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தாத்தா வைத்த முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. நிழலிலேயே நடந்து பழகிய காட்டில் வெயில் தரையில் அடித்தது. என் அப்பா விழுந்து கிடந்த பலா மரத்து மேல் உட்கார்ந்து, “இங்க ஒரு தோப்பு இருந்ததுன்னு சொன்னா இனிமே யாரு நம்புவா” என்றார். ‘போனதெல்லாம் கனவினைப்போற் புதைந்தழிந்தே போனதனால்’ என்ற வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் குரல்தான் வரும். அந்த நிலையில் இருக்கிறவனுக்கு அது குறுக்குக் கேள்வி இல்லை ஐயா, நெஞ்சிலிருந்து வருகிற கேள்வி. பாரதிக்கும் முதலில் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறு வருடம் நாற்று போட்டோம். முந்திரிக் கொட்டையை முதலில் தண்ணீரில் போடுவோம். மிதப்பதை ஒதுக்கிவிட்டு, மூழ்கியதை மட்டும் எடுப்போம். மண் நிரப்பிய பையில் காம்பு ஒட்டியிருந்த பக்கம் மேலே இருக்கிற மாதிரி ஊன்ற வேண்டும். முளைக்கிறபோது இரண்டு பருப்பும் மண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும், பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒட்டியிருக்கிற மண்ணைக்கூட உதறாமல் வரும். அதன் மேல் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகத்தை ஒட்டுக் கட்டினோம். இப்போது அந்தக் காட்டில் மறுபடி நிழல் இருக்கிறது.

கெடிலக்கரை ஐயா சொன்ன விதி தொடர்வது எனக்கு அதுதான். மூழ்கிய கொட்டை முளைக்கும், முந்திரிக் கொட்டையில் முந்திரிதான் வரும். என் கையில் பொய்யாக எதுவும் முளைத்ததில்லை. ‘சோலை பொய்யாமோ’ என்ற வரியைப் படத்தில் விட்டுவிட்டார்கள் என்பதே இன்றைக்குத்தான் தெரியும், மனசு கேட்கவில்லை.

குயில்தோப்பு

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பாரதியே இங்கே இருந்தபோது ஒரு புயலைப் பாடியது நினைவுக்கு வந்தது. நள ஆண்டு கார்த்திகை, அதாவது 1916. ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்று தலைப்பு. ‘நாற்றினைப் போலே சிதறி நாடெங்கும் வீழ்ந்தனவே’ என்று மரங்களைச் சொல்லிவிட்டு, ஓர் ஏழையின் சிறு தோப்பு மட்டும் பிழைத்து நிற்பதைப் பார்த்து ஆறுதல் கொள்கிறார். விழுந்தவை சில, மீந்தவை பல என்று எண்ணிப் பார்க்கிற மனம் அது. மரத்தைக் கானல் என்று நினைக்கிறவர் மறுநாள் காலையில் வயல்வெளிக்குப் போய் எது பிழைத்தது என்று பார்க்க மாட்டார்.

உங்கள் அப்பாவின் குரலைப் பற்றிச் சொன்னீர்களே, அதை நான் ஏற்கிறேன். இரண்டாம் கண்ணி வாதமாக மட்டும் ஒலிக்கவில்லை. ‘நானுமோர் கனவோ’ என்பதில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அந்த நடுக்கத்தைக் கடந்துதான் ‘உறுதி கண்டோம்’ வருகிறது.

கானல் (புதுச்சேரி, காலாப்பட்டு)

இயற்பியல் மாணவி. ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். உச்சிவெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது தூரத்தில் தார் ரோட்டில் தண்ணீர் நிற்பது போலத் தெரியும் அல்லவா? ரோட்டை ஒட்டிய காற்று சூடாகி அடர்த்தி குறைகிறது, மேலே இருக்கிற காற்று அவ்வளவு சூடில்லை. வானத்திலிருந்து சாய்வாக இறங்குகிற ஒளி அந்தச் சூடான அடுக்கில் வளைந்து மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நாம் தண்ணீர் என்று நினைப்பது வானம்தான். கைப்பேசியில் படம் எடுத்தால் படத்திலும் விழும், ஏனென்றால் அந்த ஒளி உண்மையானது.

அதனால் ‘வானகமே... கானலின் நீரோ?’ என்ற வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கானல் நீருக்குள்ளேயே வானம் இருக்கிறது. வானம் மெய்யாக இல்லாவிட்டால் கானல்கூடத் தோன்ற வழியில்லை. பிழை நம் முடிவில் இருக்கிறது, காட்சியில் இல்லை.

ஒன்றேகாண்

தங்கச்சி சொன்னது அழகு. அதை நான் என் பக்கத்துக்கே எடுத்துக்கொள்வேன். கயிற்றைப் பாம்பென்று நினைப்பதற்கும் அடியில் ஒரு கயிறு வேண்டும் என்பதுதான் அத்வைதம் சொல்லும் அதிட்டானம். பாம்பு பொய், கயிறு மெய். நீங்கள் தண்ணீர் பொய், வானம் மெய் என்கிறீர்கள். ஆக எல்லாம் பொய் என்று யாரும் சொல்லவில்லை, அடியில் ஒன்று மெய்.

குயில்தோப்பு

ஆனால் பாரதி கயிற்றை எடுக்கவில்லையே, விதையை அல்லவா எடுத்தார்? கயிற்றிலிருந்து பாம்பு பிறப்பதில்லை. விதையிலிருந்து மரம் பிறக்கிறது. கயிறென்று அறிந்ததும் பாம்பு ஒழிகிறது, விதையை அறிந்துவிட்டதால் சோலை ஒழிவதில்லை. உவமையையே மாற்றி வைத்துவிட்டார். நம் வழக்கு முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன்.

தென்பெண்ணை

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. குயில்தோப்பு ஐயா, ‘இதைச் சொல்லொடு சேர்ப்பாரோ’ என்ற இடம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எதை எதோடு சேர்ப்பது?

குயில்தோப்பு

வழக்கமாகச் சொல்லும் பொருள்: சோலை பொய் என்கிற இந்தப் பேச்சை ஒரு பேச்சாக யாராவது மதிப்பார்களா? பொருளுள்ள சொற்களின் வரிசையில் இதையும் வைப்பார்களா? வகுப்பில் நான் இப்படித்தான் சொல்வேன், நேராகப் பொருந்துகிறது.

ஒன்றேகாண்

எனக்கு இன்னொரு பொருளும் தோன்றுகிறது. சாந்தோக்கிய உபநிடதம் 6ஆம் அத்தியாயத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசம் செய்கிறார். மண்ணால் ஆன பண்டங்களின் வேறுபாடு பேச்சளவில் உள்ள பெயர், மண் என்பதே உண்மை என்பது அதில் ஓர் உவமை. அதே அத்தியாயத்தில் ஆலம்பழத்தைக் கொண்டுவரச் சொல்லி, பிளக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் பொடி விதையையும் பிளக்கச் சொல்கிறார். “என்ன தெரிகிறது?” “ஒன்றும் தெரியவில்லை.” “அந்தத் தெரியாத நுண்மையிலிருந்துதான் இவ்வளவு பெரிய ஆலமரம் நிற்கிறது” என்கிறார்.

இப்போது வரியைப் பாருங்கள். மரங்களெல்லாம் தோன்றுவது ஒரு விதையில் என்றால் சோலை பொய்யா? இதையும் ‘வெறும் சொல்’ என்கிற கணக்கில் சேர்த்துவிடுவீர்களா? உபநிடதத்தின் ஓர் உவமையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னோர் உவமைக்கு எழுதப்பட்ட விளக்கங்களைக் கேள்வி கேட்பது போல இருக்கிறது. இது என் கட்சிக்கு அவ்வளவு சாதகமில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வரி அப்படிக் கேட்கிறது.

கெடிலக்கரை

இந்த இழையிலேயே எனக்குப் புதிதாகக் கிடைத்தது இதுதான். மனமார்ந்த நன்றி ஐயா.

குயில்தோப்பு

நானும் அப்படியே. அடுத்ததாக, எல்லாவற்றுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. தென்பெண்ணை சகோதரியின் அத்தை மகனுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பாட்டுக்குப் ‘பொய்யோ? மெய்யோ?’ என்ற தலைப்பில் பாரதியே ஓர் உரைநடை முன்னுரை எழுதியிருக்கிறார். உலகம் பொய் என்ற சாத்திரத்தைச் சந்நியாசிகள் சொல்லிக்கொண்டிருக்கட்டும், குடும்பத்தில் இருப்பவனுக்கு அந்த வார்த்தை பொருந்துமா, அதை நடுவீட்டில் உச்சரிக்கலாமா, அது அவச்சொல் அல்லவா என்று கேட்கிறார். ‘நமக்குத் தந்தை வைத்துவிட்டுப் போன வீடும் வயலும் பொய்யா?’ என்பது அவர் வாக்கியம். உன் துயரத்துக்குக் கண்ணீர் விட்ட மனைவி பொய்யா, குழந்தைகள் பொய்யா, பெற்றவர்களைக் கேட்கிறேன் என்கிறார். வீட்டில் வைத்துக் கும்பிடும் குலதெய்வம் பொய்யா என்றும் கேட்கிறார். குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு அந்தச் சாத்திரம் பயன்படாது, நமக்கு வேண்டியவை நீண்ட வயது, நோயின்மை, அறிவு, செல்வம் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்கு வருகிறார்.

நடுவீட்டில் சொல்லக் கூடாத அவச்சொல் என்று அவர் எதைச் சொன்னாரோ, அதைச் சொல்வதற்கு அவர் பாட்டையே நடுவீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: உன் அம்மா கனவு இல்லை என்று பாடியவர்தான் பாரதி. கோபப்பட்டு எழுந்து போனதில் அவன் பாட்டின் பக்கம்தான் நின்றிருக்கிறான்.

தென்பெண்ணை

இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது ஐயா. இந்த முன்னுரையை இன்று ராத்திரியே அவனுக்கு அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு, குழந்தைகளைப் பற்றிய வரியை மட்டும் திருப்பி எனக்கு அனுப்பியிருக்கிறான். வேறு எதுவும் எழுதவில்லை.

ஒன்றேகாண்

முன்னுரை வலுவான சான்று, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இதே முத்தியால்பேட்டை மாந்தோப்பில் பிறந்த ‘குயில் பாட்டு’ முழுவதும் கடைசியில் கனவாகத்தானே முடிகிறது? ‘வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?’ என்று அவரே புலவர்களை அழைக்கிறார். அந்தச் சோலையும் குயிலும் கனவு, இந்தச் சோலை மட்டும் மெய்யா?

குயில்தோப்பு

அங்கேயும் விழித்ததும் எதைப் பார்க்கிறார்? சுற்றிலும் பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய். இவை அத்தனையும் வரிசையாக இருப்பதைப் பார்த்துத்தான் வீட்டில் இருக்கிறோம் என்று உணர்கிறார். கனவைக் கனவென்று அவருக்குச் சொன்னதே அந்தப் பழம்பாயும் எழுதுகோலும்தான். எல்லாமே கனவு என்றால் கனவு என்ற பேச்சே எழாது. கனவுக்கும் விழிப்புக்கும் வேறுபாடு உண்டு என்று சங்கரர் எழுதியதாக நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள்.

ஒன்றேகாண்

சொன்னேன், அதில் மாற்றமில்லை. என் தடை கடைசிச் சொல்லில்தான். ‘இந்தக் காட்சி நித்தியமாம்.’ முந்திரிக்காடு தம்பியின் தாத்தா வைத்த பலா திரும்ப வரவில்லை. தென்பெண்ணையின் அத்தை திரும்பி வரவில்லை. அந்தந்தக் காட்சி நித்தியமில்லை என்பது கண்கூடு. அப்படியானால் நித்தியமாக இருப்பது அடியில் உள்ள ஒன்றுதான் என்று வந்தாக வேண்டாமா?

முந்திரிக்காடு

தாத்தா வைத்த மரம் திரும்ப வரவில்லைதான் ஐயா. அதன் கொட்டையிலிருந்து வந்தது நிற்கிறது. அந்த மரம் வேறு, இந்த மரம் வேறு, ஆனால் தோப்பு விட்டுப்போகவில்லை. நித்தியம் என்றால் ஒரே மரம் ஆயிரம் வருடம் நிற்க வேண்டும் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

கெடிலக்கரை

இதற்குச் சாத்திரத்தில் பிரவாக நித்தியம் என்று பெயர் உண்டு. ஆற்று நீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆறு இருந்துகொண்டே இருக்கும். ‘காண்பது சக்தி’ என்று சொல்லி உடனே ‘காட்சி நித்தியம்’ என்றதால் இந்தப் பொருள்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. சக்தி என்றாலே இயங்குவது. அடியில் அசையாமல் கிடக்கிற ஒன்றை மட்டும் மெய் என்று வைக்க நினைத்திருந்தால் சிவம் என்றோ பிரம்மம் என்றோ எழுதியிருப்பார். சக்தி என்று எழுதினார்.

ஒன்றேகாண்

சக்தியும் சக்தி உடையவனும் வேறல்ல என்று நான் பதில் சொல்வேன், நீங்கள் அதற்கு மறுபதில் சொல்வீர்கள். அதைத் தனி இழையாகத் தொடங்கலாம். பந்தலில் முழுப் பாட்டும் ஒலிக்க வேண்டும் என்பதில் நம் இருவருக்கும் கருத்து ஒன்றுதான்.

ஒலிநாடா

அதற்காகத்தான் மறுபடி வருகிறேன். நான்கு கண்ணியையும் முழுதாகப் பாடிப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். மைக்செட்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம். முன்னுரையைத் தென்பெண்ணை அக்கா வாசித்துத் தந்தால் முதலில் சேர்த்துவிடுவேன். குயில்தோப்பு ஐயா, கடைசிக் கண்ணியை எப்படிப் பாடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

குயில்தோப்பு

எனக்கு இசை தெரியாது, பொருளை வைத்துச் சொல்கிறேன். ‘காண்பமன்றோ’வில் குரல் இறங்க வேண்டாம், அதில் நம்பிக்கை இருக்கிறது. ‘விதி தொடர்ந்திடுமோ’ வரை கேள்வியாகவே போகட்டும். அதன் பிறகு ஒரு நொடி நிறுத்துங்கள். ‘காண்பதுவே உறுதி கண்டோம்’ என்று தொடங்கும்போது கேள்வி மெட்டு வரவே கூடாது. பேசுவது போல, நிதானமாக. அப்புறம் முக்கியமாக ஒன்று: ‘நித்தியமாம்’ என்று முடித்தபின் பழக்கத்தில் ‘நானும் ஓர் கனவோ’ என்று பல்லவிக்குத் திரும்பிவிடாதீர்கள்.

தென்பெண்ணை

முன்னுரையை நான் வாசிக்கிறேன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி வரமுடியும். அத்தை மகனும் கூட வருகிறேன் என்கிறான், அவன் தபேலா வாசிப்பான்.